ஸ்டார் கட்டாத வீடு

எல்சியின் கதாநாயகி ஏழு பக்கமாக ஜன்னல் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வெளியே ஊட்டிப் பனி. உள்ளே கணப்பு, ஒரு மூலையில் பியானோ, அதன்மேல் ஒரு பூந்தொட்டி. எல்லாம் தயாராகத்தான் இருந்தது. அவள் மட்டும் நகர மாட்டேன் என்றாள்.

இக்னேஷியஸ் காலை டீயைக் குடித்துக்கொண்டே மனைவியின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் மேற்பார்வையாளர். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதையும் எழுதாதவர். ஆனால் எல்சி எழுதுகிற எல்லாவற்றுக்கும் முதல் வாசகர்.

"இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஏழு பக்கமா ஜன்னலாண்டயே நின்னுகினு கீது? காலு வலிக்காதா அதுக்கு?"

எல்சி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். கோபம் அவர்மேல் இல்லை. அவர் சொன்னது உண்மை என்பதில்தான்.

இருபது வருடங்களாகக் குடும்ப நாவல் எழுதுகிறவள் எல்சி. பாரிமுனையில் ஒரு சுங்க ஏஜென்சி ஆபீசில் வேலை, விடியற்காலையில் எழுத்து. அவளுடைய கதாநாயகிகள் கோயம்புத்தூரில் பெரிய வீடுகளில் வாழ்வார்கள், இல்லையென்றால் தஞ்சாவூரில். வைர மூக்குத்தி போட்ட மாமியார்கள் கடைசி அத்தியாயத்தில் மனம் இளகுவார்கள். சேலத்திலிருந்தும் துபாயிலிருந்தும் பெண்கள் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டதாக எழுதுவார்கள். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கி, ராயபுரத்திலேயே தாலி கட்டிக்கொண்டவள், அந்த ஊரை ஒரு பக்கத்தில்கூட எழுதியதில்லை. வெட்கமெல்லாம் இல்லை. நாள் முழுக்கக் கேட்கிற கன்டெய்னர் லாரி ஹாரனை எழுதும்போதாவது கேட்காமல் இருக்கலாமே என்றுதான்.

இந்த வருடம் இணையத்தில் நாவல் தளம் நடத்துகிற கீர்த்தி பிடித்துக்கொண்டாள். பேர் எல்சி, ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் நாவல்கூட எழுதியதில்லையே என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். இருபத்து நாலாம் தேதி காலையில் முழு நாவலும் தளத்தில் இருக்க வேண்டும். ஊட்டி, பனி, பங்களா, காதல் என்று அவளே அட்டைப்படம்கூடப் போட்டுவிட்டாள். எல்சியும் தலையாட்டிவிட்டாள். டிசம்பர் பாதி வந்துவிட்டது. கதாநாயகி ஜன்னலில்.

அன்று சனிக்கிழமை. எழுத வராதபோது எல்சி எண்ணெய்ச் சட்டி வைப்பாள். கல்கலுக்கு மாவு பிசைந்து, முள்கரண்டியின் முதுகில் ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பொரித்தாள். பொரித்ததும் இக்னேஷியஸ் கையை நீட்டினார். எல்சி தட்டிவிட்டாள். முதல் ஈடு வீட்டுக்கு இல்லை என்பது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அந்த வீட்டு வழக்கம். அது ஸ்டார் கட்டாத வீட்டுக்கு.

அந்தத் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. டிசம்பர் பிறந்தால் வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். தொங்காத வீட்டில் அந்த வருடம் ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் பலகாரச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார்தான் பண்டிகைக்கு முன்பே தட்டு அனுப்புவார்கள். மற்ற வீடுகளுக்குத் தட்டு போவது கிறிஸ்துமஸ் அன்றுதான், அது திரும்பும்போது பதிலுக்கு எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். துக்க வீட்டுத் தட்டு மட்டும் கழுவி, காலியாகத் திரும்பி வரும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வருடம் தெருவில் ஸ்டார் இல்லாதது ஒரே வீடு. எதிர் மாடிப் போர்ஷன். கோடையில் குடிவந்த இளம் ஜோடி, சாவியோவும் சாண்ட்ராவும். அவனுக்கு எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அவள் தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் இருவரும் வருவார்கள். கோவிலில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. காலடிப்பேட்டையில் அவனுடைய அம்மா அப்பா இருப்பது எல்சிக்குத் தெரியும். பெரியவர்கள் யாராவது போயிருப்பார்கள், நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று மனம் சங்கடப்பட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு இரும்புப் படியில் ஏறினாள். கதவு பூட்டியிருந்தது. மேலே கொக்கியில் பழைய ஒயர் ஒன்று மட்டும் தொங்கியது. எல்சி தட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள். யாரென்று தெரியாத அந்த ஆத்துமாவுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். இறங்கி வந்துவிட்டாள்.

அவள் தட்டோடு தெருவைக் கடந்ததை முக்கில் இட்லிக் கடை வைத்திருக்கும் பட்டம்மாள் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வரும்போது பட்டம்மாள் எல்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"பாவம் எல்சிம்மா. இன்னா வயசு அந்தப் புள்ளைக்கு. மாசம் பொறந்ததுலேர்ந்து அவன் வண்டியக் காணோமேன்னு நானும் நெனச்சேன். யார்டுல கன்டெய்னர் பொட்டி மேல வுயுந்துச்சாம். காலடிப்பேட்ட அம்மா வூட்லேர்ந்தே எடுத்துட்டாங்களாம்."

யாரைச் சொல்கிறாள் என்று புரியவே எல்சிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாவியோவை. வீட்டுக்குக்கூடப் போகாமல் இரும்புப் படியில் ஏறினாள். கதவு திறந்திருந்தது. தரையில் ஆறு தட்டுகள், ஒன்றில் பாதி காலி. நடுவில் சாண்ட்ரா கால் நீட்டி உட்கார்ந்து கல்கலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆன்ட்டி. உங்க தட்டுதான் மொதல்ல வந்துச்சு. கல்கல் நல்லா கீது. சக்கரதான் கொஞ்சம் கம்மி."

எல்சி "சாவியோ…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அவனுக்கு இன்னா? காலடிப்பேட்டைல அவங்கம்மா வைக்கிற மீன் கொயம்ப ஊத்தித் துன்னுகினு கீறான்."

எல்சி அப்படியே கதவு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாண்ட்ரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கதை வந்தது.

சாவியோ ஸ்டாரைக் கடையில் வாங்குகிறவன் இல்லை. மூங்கிலைச் சீவி, நூல் சுற்றி, கலர்த்தாள் ஒட்டி, அவனே கட்டுவான். நாலு வருடங்களுக்கு முன், கோவில் இளைஞர் குழுவோடு தண்டையார்பேட்டைக்கு வந்தவன், சாண்ட்ராவின் அப்பா வீட்டு வாசலில் ஒரு ஸ்டார் கட்ட உட்கார்ந்தான். மற்ற பையன்கள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். இவன் தினமும் வந்து ஒரு முனையைக் கட்டினான், மறுநாள் அதைப் பிரித்தான். தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்தது சாண்ட்ரா. கடைசியில் அப்பாவே, "தம்பி, நீ ஸ்டாரு கட்ட வந்தியா, வேற எதுக்குனா வந்தியா?" என்று கேட்டுவிட்டார்.

கல்யாணமான பிறகு அவன் கட்டும் ஸ்டார் ஒவ்வொரு வருடமும் காலடிப்பேட்டையில் மாமியார் வீட்டு வாசலில்தான் எரிந்தது. இந்த வருடம்தான் தனிக்குடித்தனம். அதனால் ஸ்டார் இங்கே, மாமியாரும் மாமனாரும் பண்டிகைக்கு இங்கே வரட்டும், சமையல் என் கையால் என்று சாண்ட்ரா சொன்னாள். பண்டிகை என்றால் அம்மா வீடுதான் என்றான் அவன். வாய் வளர்ந்தது. கட்டி முடித்த ஸ்டாரைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

"கடைல வரிசையா தொங்குது சாண்ட்ரா. ஒண்ண வாங்கி மாட்டியிருந்தா இத்தனை பேரு அழுதிருக்க மாட்டாங்களே."

"அவன் கட்டாத ஸ்டாரு இந்த வூட்டுக்கு வேணாம் ஆன்ட்டி."

சொன்ன விதத்தில் அழுகை இல்லை, சவடால் இல்லை. இந்தப் பஸ் பாரிமுனை போகாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இந்த ஒரு வரியை இருபது வருடங்களாகத் தஞ்சாவூரிலும் கோயம்புத்தூரிலும் தேடிக்கொண்டிருந்தோமே என்று எல்சிக்குத் தோன்றியது.

கீழே போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தாள். சாண்ட்ரா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க. அவன் காதுக்குப் போவட்டும்."

"பாவம்டி. பொய் இல்லையா?"

"நான் யார்கிட்டயாவது அவன் செத்துட்டான்னு சொன்னேனா? நீங்களா கொணாந்தீங்க, நான் துன்னேன்."

எல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இதை ஒரு நாவலாக எழுதிக்கொள்ளட்டுமா? பேர், வேலை எல்லாம் மாற்றிவிடுகிறேன். தெருவை மட்டும் மாற்ற மாட்டேன்.

சாண்ட்ரா கல்கலை மென்றபடி யோசித்தாள். அவளும் அம்மாவும் எல்சியின் நாவல்களைப் படித்தவர்கள்தான்.

"எயுதிக்கோங்க. ஆனா ஒண்ணு. கடைசில நீங்களா அவனக் கூட்டியாந்து என் கால்ல வுயுவுற மாரி எயுதக்கூடாது. உங்க புக்குல எல்லாம் அதான் நடக்குது. வந்தான்னா வந்தான்னு எயுதுங்க. வரலியா, வரலன்னு எயுதுங்க."

எல்சி சத்தியம் செய்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஊட்டியை அழித்தாள். பனி, பியானோ, பூந்தொட்டி, ஜன்னலோரப் பெண் எல்லாம் போனது. பிறகு கீர்த்திக்குப் போன் செய்தாள். கீர்த்தி நல்ல பெண்தான், ஆனால் அட்டைப்படம் போட்டவள். ராயபுரமா, கிறிஸ்துமஸுக்கு மீன் வாடையையும் லாரியையும் யார் படிப்பார்கள், அவர்கள் தப்பித்து வருவதற்குத்தானே நம் தளத்துக்கு வருகிறார்கள் என்று நியாயமாகவே பேசினாள். எல்சி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். தானும் இத்தனை வருடங்களாக அதையேதான் சொல்லி வந்தோம் என்று நினைத்தாள்.

"கீர்த்தி, எனக்குப் பனி தெரியாது. இந்தத் தெரு தெரியும். இதுதான் நாவல். இது வேண்டாம்னா இந்த வருஷம் என்கிட்ட வேற இல்லை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு, "முடிவாவது நல்லா இருக்கும்ல?" என்றாள் கீர்த்தி.

"தெரியாதும்மா."

ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எல்சி உட்கார்ந்தாள். இந்த முறை கதாநாயகி ஓர் இடத்தில் நிற்கவில்லை. படி ஏறினாள், பஸ் பிடித்தாள், மீன்காரியோடு வம்பு வளர்த்தாள், மாமியாரிடம் போனில் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனை வைத்ததும் திட்டினாள். லாரி ஹாரன் கேட்டபோது எல்சி அதையும் எழுதினாள். இக்னேஷியஸ் சமையலை எடுத்துக்கொண்டார். ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது. அதைச் சொல்ல எல்சிக்கு நேரமில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் அவர் படித்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைக் கேட்டார். அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது.

தட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. சாண்ட்ராவுக்கு எதிரே யாரும் சிரிப்பதில்லை. அவள் நடந்தால் தெரு வழிவிட்டது.

இக்னேஷியஸுக்குப் பொறுக்கவில்லை. காலடிப்பேட்டைக்கு ஒரு நடை போய் அந்தப் பையனைக் காதைத் திருகி இழுத்து வருகிறேன் என்றார். எல்சி கூடாது என்றாள். தன் கை பட்டு அவன் வந்தால் அது எழுதி வந்தது மாதிரிதான். சத்தியம் சத்தியம்தான். ஒருநாள் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே, கதாநாயகன் மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நிற்பதாக இரண்டு பக்கம் எழுதிவிட்டன. படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தப்பு என்று அழித்தாள்.

ஆனால் ஹுமாயூனிடம் யாரும் சத்தியம் வாங்கி வைக்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் டிரெய்லர் டிரைவர் அவன். எண்ணூர் யார்டு வாசலில் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியவன், பக்கத்தில் சாவியோ பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து கிளாஸைக் கீழே போட்டுவிட்டானாம். "டேய் மாமு, உனக்கு ஒரு வாரமா தட்டு போய்கினு கீதுடா" என்று அவன் சொல்ல, சாவியோவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பன்னை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்று சாயங்காலம் அவன் தெருவுக்குள் நுழைந்தபோது பட்டம்மாள் கரண்டியோடு எழுந்து நின்றாள். சாவியோ வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது. நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான், தோ பாருங்க, நல்லாப் பாருங்க என்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். வாசல்களில் ஜனம். எல்சியும் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

மாடிக் கைப்பிடியில் சாண்ட்ரா.

"ஸ்டாரு எங்க?"

"அம்மா வூட்ல எரிஞ்சிகினு கீது."

"அப்ப அங்கயே போ."

அவன் சுற்றிலும் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பட்டம்மாள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, "உசுரோட இருந்துமா இந்தப் பேஜாரு" என்று உட்கார்ந்தாள்.

எல்சி உள்ளே போய் அதை எழுதினாள். பேர் மாற்றினாளே தவிர, ஒரு வார்த்தையை மாற்றவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி முழுக்க எதிர் மாடியிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. கீர்த்தி மூன்று முறை போன் செய்தாள். கடைசி அத்தியாயம் எங்கே? எல்சியிடம் கடைசி அத்தியாயம் இல்லை. சாவியோ வரவில்லை. வரவில்லை என்று ஒரு வரியில் எழுதி ஒரு நாவலை எப்படி முடிப்பது?

விளக்கு வைக்கும் நேரத்தில் சாண்ட்ரா படியிறங்கி வந்தாள். கையில் தட்டுகளை அடுக்கியிருந்தாள். வீடு வீடாக ஏறினாள். எல்சியின் வாசலுக்கும் வந்தாள். தட்டு காலியாக இல்லை. குவியலாக அச்சு முறுக்கு, ஓரத்தில் கேக், மேலே இரண்டு வாழைப்பழம்.

"எங்க வூட்ல சாவு இல்ல ஆன்ட்டி. பண்டிகதான். அவன் வந்தாலும் வராட்டியும்."

அவளுடைய விரல்களில் எண்ணெய் தெறித்த இடங்கள் சிவந்திருந்தன. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. அடுத்த வீட்டுக்குப் போனாள். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தட்டை வாங்கியவர்கள் அது நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்திகூட எதையும் கேட்கவில்லை. பட்டம்மாள் மட்டும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

எல்சி தட்டை மேஜையில், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாவல் முடிந்துவிட்டது. ஸ்டார் இல்லாத வீட்டிலிருந்து தட்டுகள் நிறைந்து திரும்புவதோடு முடிந்தது. கணவன் வரவில்லை. அவளுடைய முப்பத்துச் சொச்சம் நாவல்களில் கணவன் வராமல் முடிந்தது இது ஒன்றுதான். அனுப்புகிற பட்டனைத் தட்டும்போது விரல் தயங்கவில்லை.

மறுநாள் காலை நாவல் தளத்தில் ஏறியது. மத்தியானத்துக்குள் கீர்த்தியின் குரல் மாறியிருந்தது. திட்டி எழுதுகிறார்களாம், அழுது எழுதுகிறார்களாம், எங்கள் ஊரிலும் தட்டு போகும் என்று தூத்துக்குடியிலிருந்தும் வேளாங்கண்ணியிலிருந்தும் எழுதுகிறார்களாம். ஆனால் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள். அவன் வந்தானா, இல்லையா? ஓர் அத்தியாயம், ஒரே ஓர் அத்தியாயம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன?

எல்சி பதில் சொல்ல வாய் திறந்தபோது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலுக்குப் போனாள்.

சாவியோவின் வண்டி. பின்னால் அவனுடைய அம்மா, பட்டுப்புடவையில், மடியில் ஒரு கட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். காலடிப்பேட்டை ஸ்டாரைக் கழற்றி எடுத்துவரவில்லை போலிருக்கிறது. அது அங்கேயே எரியட்டும், அதைப் பறித்துக்கொண்டு வருவது நியாயமில்லை என்று எல்சி நினைத்துக்கொண்டாள். அவன் இரும்புப் படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். மூங்கிலைச் சீவ ஆரம்பித்தான். மாடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாடிக் கைப்பிடியில் சாண்ட்ரா வந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமியார், "டீ கீதா, அதுக்கும் ஊரக் கூட்டணுமா?" என்று கீழிருந்து கேட்டாள். சாண்ட்ரா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

முதல் முனையை அவன் கட்டினான். கோணலாக இருந்தது. பிரித்தான். மறுபடி கட்டினான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் கீர்த்தி.

"இருக்கேன். ஓர் அத்தியாயம் வரும்னு போட்டுடு."

"எப்போ?"

"ஸ்டார் எரியட்டும். எரிஞ்சப்புறம்தான் எழுதுவேன்."

போனை வைத்துவிட்டு எல்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இக்னேஷியஸ் கோவிலுக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடையில் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் போட்டார்.

"குந்து எல்சி. காலு வலிக்கப்போவுது. அவன் எப்டியும் பொயுது சாயறதுக்குள்ள முடிக்க மாட்டான்."